கணக்கு எந்தக் கரையில்?

2005 ஜனவரி முதல் வாரத்தில், சுனாமி அடித்த நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்தது. வெளியூர்களிலிருந்து லாரியில் கொண்டுவந்தவர்கள் ஊருக்குள் போய்ப் பார்க்கக்கூட நேரமில்லாமல் இறக்கிவிட்டுப் போனவை அவை. கம்பளிச் சட்டைகூட இருந்தது. தலைக்கு மேல் கூரை இல்லாத அந்த மார்கழியிலும் பட்டினவ மீனவர் வீட்டுப் பெண்கள் அதைத் தொடவில்லை. கடலில் உழைத்துச் சாப்பிடும் சனத்துக்குப் பிறர் உடுத்திக் கழித்ததை உடுத்தும் வழக்கம் கிடையாது. கடைசியில் அந்தத் துணியை அள்ளி அப்புறப்படுத்துவதே நிவாரண வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

அந்தக் குவியலைக் கொட்டியவர்களில் பெரும்பாலோர் நம்மூர்க்காரர்கள்தாம், வெளிநாட்டு நிறுவனங்கள் அல்ல. இருந்தும், ஒரு நாட்டின் வளர்ச்சியில் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு என்ன பங்கு என்ற கேள்வியை நாகைக் கரையில் வைத்துப் பேச வேண்டுமானால் அங்கிருந்து தொடங்குவதே சரி. கொடுப்பவர் கையில் இருப்பதைக் கொடுக்கிறார். வாங்குபவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அதற்குப் பின் மூன்று ஆண்டுகள் இந்தக் கரைக்கு வந்த பைபர் படகுகளிலும் கான்கிரீட் வீடுகளிலும் இதே குணம் வேறு வேறு அளவில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது ஒட்டாமல் போன இடங்களும் உண்டு. ஏன் போனது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தின் அலை காலை ஒன்பது மணி வாக்கில் சோழமண்டலக் கரையில் ஏறியது. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் 6,000 பேருக்கு மேல் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தவர்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர், கிறிஸ்துமஸ் கூட்டம் கலையாத வேளாங்கண்ணி, வடக்கே நாகூரின் பட்டினச்சேரி என்று கடலை ஒட்டிய குப்பங்கள் வரிசையாக அழிந்தன.

நாகூரில் முதலில் திறந்த கதவு தர்காவின் கதவு. கடற்கரையிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு அங்கே இடமும் சோறும் கிடைத்தன. செத்தவர்கள் இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்று பார்க்காமல் அடக்கம் செய்ய நிலம் கிடைத்தது. சடலங்களைத் தூக்கவும் குழி வெட்டவும் தெருவில் இறங்கியவர்கள் ஜமாத்து இளைஞர்கள், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், மாவட்ட நிர்வாகத்தின் கடைநிலை ஊழியர்கள். வெளிநாட்டுக் கொடி போட்ட வண்டி அந்த முதல் நாட்களில் அங்கே இல்லை, இருந்திருக்கவும் முடியாது. நாற்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொன்னது: தொடக்கத்தில் உயிர் காத்த வேலை ஏறக்குறைய முழுவதையும் செய்தவர்கள் உள்ளூர் மக்கள்.

அதே அறிக்கையின் இன்னொரு கணக்கு அதிகம் பேசப்படவில்லை. சுனாமிக்காக உலகம் கொடுத்த பணத்தைப் பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு 7,100 டாலருக்கு மேல் வருகிறது. அதே 2004இல் வங்கதேசத்தை மூழ்கடித்த வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது தலைக்கு 3 டாலர். வங்கதேசத்து விவசாயியின் துயரம் நாகூர் மீனவரின் துயரத்தைவிடச் சிறியதல்ல. ஆனால் சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள். தாய்லாந்துக் கடற்கரையில் ஐரோப்பியப் பயணிகளும் இறந்தார்கள். தொலைக்காட்சியில் படம் ஓடியது. 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு மட்டும் ஜனவரியின் தொடக்கத்திலேயே, போதுமான பணம் வந்துவிட்டது, இனி சுனாமிக்காக அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. மற்ற அமைப்புகள் பலவும் அதைக் கேட்டு முகம் சுளித்தன. அப்படிச் சொல்லும் நேர்மை தொண்டு உலகத்தில் எவ்வளவு அரிது என்பதற்கு அந்தச் சுளிப்பே சாட்சி.

மன்மோகன் சிங் அரசு வெளிநாட்டு அரசுகளின் நிவாரணத்தை வேண்டாம் என்றது. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் தானே கப்பல் அனுப்பியது. ஆனால் தொண்டு நிறுவனங்களைத் தடுக்கவில்லை. ஆக்ஸ்பாம், கேர், வேர்ல்டு விஷன், சேவ் தி சில்ட்ரன், ஆக்சன் எய்டு, கத்தோலிக்க, லுத்தரன் நிவாரண அமைப்புகள் எனப் பெயர் தெரிந்தவையும், பெயர்ப்பலகை எழுத நேரமில்லாதவையுமாக நூற்றுக்கணக்கில் நாகைக்கு வந்தன. விடுதிகளில் அறை இல்லை. வாடகை கார் இல்லை. ஆங்கிலம் தெரிந்த பட்டதாரிப் பையன்களுக்குத் திடீரென்று கிராக்கி. குப்பத்தில் யார் நோட்டும் பேனாவுமாக வந்தாலும் 'என்ஜிஓகாரங்க' என்று பெயர். ஒரே வீட்டுக்கு ஒரே வாரத்தில் நாலு பேர் கணக்கெடுக்க வந்தார்கள். செத்தவர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போன தாய்மார்கள் இருந்தார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே உருவான ஒன்றை நாகையின் உண்மையான கண்டுபிடிப்பு என்பேன். 2005 ஜனவரி 1 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்க ஒரு பிரிவு தொடங்கியது. அதை நடத்தியவை இரண்டு அமைப்புகள். ஒன்று, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, அதாவது 'சிப்ஸ்'. கட்டுமரக்காரர்களின் சங்கங்களாகத் தொடங்கி, எஞ்சின் பழுது பார்ப்பது வரை கடல் தொழிலின் நெளிவு சுளிவு அறிந்த அமைப்பு. மற்றது, நாகையில் மீனவப் பெண்களிடையே நெடுங்காலம் வேலை செய்துவந்த 'சினேகா'. இரண்டும் சுனாமிக்கு முன்பே இந்தக் கரையில் கால் ஊன்றியவை. கும்பகோணம் பள்ளித் தீ விபத்தின் சூடு ஆறுமுன் தஞ்சையிலிருந்து நாகைக்கு அனுப்பப்பட்ட ஆட்சியர் ஜெ. ராதாகிருஷ்ணன் இந்த ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்தார்.

அந்தப் பிரிவு செய்தது என்ன என்று கேட்டால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. எந்தக் கிராமத்துக்கு எத்தனை பாய், எத்தனை மண்ணெண்ணெய் அடுப்பு, யார் கொடுத்தார்கள், இன்னும் யாருக்கு வரவில்லை என்று பட்டியல் எழுதியது. புதிதாக வந்திறங்கும் அமைப்பிடம், உங்களுக்குப் பிடித்த ஊருக்குப் போகாதீர்கள், இந்த ஊருக்கு இன்னும் யாரும் போகவில்லை என்று சொன்னது. அன்றாடக் கூட்டத்தில் அதிகாரிகளும் அமைப்புகளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். பின்னால் கிராமங்களில் தகவல் மையங்கள் வைத்து, அரசாணையில் என்ன இருக்கிறது என்பதைத் தமிழில் சொன்னது. பிறகு அது தனி வளமையமாகி, வேறு பெயரில் தொடர்ந்தது. பன்னாட்டு அமைப்புகள் பல இதற்குப் பணம் கொடுத்தன. இப்படி ஒரு பதிவேட்டுக்குக் கொடுத்த பணத்துக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது, புகைப்படமும் எடுக்க முடியாது. என் கணக்கில் நாகைக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் மிக நன்றாகச் செலவானது அதுதான்.

படகுக்கு வருவோம். அலை முதலில் அள்ளியது கட்டுமரங்களை. புதிதாக வந்தவை பெரும்பாலும் பைபர் படகுகள். கட்டுமரத்தைப் போலன்றிப் படகு நன்கொடையாளருக்குப் புரியும் பொருள். விலை தெரியும், எண்ண முடியும், அமைப்பின் பெயரைப் பக்கவாட்டில் எழுதலாம், பூமாலை போட்டுக் கடலில் இறக்கும் படத்தை ஆண்டறிக்கையின் அட்டையில் போடலாம். கரை நெடுகத் திடீர்ப் படகுப் பட்டறைகள் முளைத்தன. அவசரத்தில் வார்த்த சில படகுகள் ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. கடைசியில் பல ஊர்களில் சுனாமிக்கு முன் இருந்ததைவிடக் கூடுதலான படகுகள் நின்றன. மீன் மட்டும் கூடவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நாகைக் கரையில் பிடிபட்ட மீன் பங்காகப் பிரியும்: படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு, எஞ்சினுக்கு, ஆளுக்கு என்று. சொந்தப் படகு இல்லாதவனும் இந்தப் பங்கு முறையில் பிழைத்தான். கூலிக்குப் போகிறவனை முதலாளியாக்குகிறோம் என்று நாலைந்து பேருக்குச் சேர்த்து ஒரு படகு கொடுத்த அமைப்புகளின் நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒரே நேரத்தில் எல்லோரும் படகுக்காரர்களானால் தொழிலுக்குப் போக ஆள் எங்கே கிடைக்கும்? கூட்டுப் படகுகள் பல சில ஆண்டுகளில் ஒருவர் கைக்கு மாறின. அல்லது கரையிலேயே வெயிலில் காய்ந்தன. சிப்ஸ் போன்றவர்களும், சென்னையிலிருந்து இயங்கும் மீன்பிடித் தொழிலாளர் ஆதரவுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பும் இதைத் தொடக்கத்திலேயே எச்சரித்தார்கள். கேட்க வேண்டியவர்களுக்கு நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டிய தொகை கையில் இருந்தது.

வீட்டுக்கதை இன்னும் விரிவானது. 2005 ஜனவரி 13 அன்று வந்த 25ஆம் எண் அரசாணை, நிரந்தர வீடு கட்டும் வேலையில் தொண்டு நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் பங்கெடுக்கலாம் என்றது. குறைந்தது 50 வீடாவது, அதாவது 75 லட்சம் ரூபாயாவது போட முடிந்தவர்கள் வரலாம். ஒரு வீடு ஒன்றரை லட்சம் ரூபாய். பரப்பு சுமார் 325 சதுர அடி. மார்ச் 30இல் வந்த 172ஆம் எண் அரசாணை கடலிலிருந்து 200 மீட்டர், 500 மீட்டர், 1,000 மீட்டர் என்று கோடு கிழித்தது. 200 மீட்டருக்குள் இருப்பவர் பழைய மனையை அரசுக்கு விட்டுக்கொடுத்தால் கடலைவிட்டுத் தள்ளி உள்நிலத்தில் புதிய வீடு. வர மாட்டேன் என்றால் உதவி கிடையாது. பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் என்ற ஒரு நல்ல விதியும் அதில் இருந்தது. நாகை மாவட்டத்துச் சுனாமி வீடுகளில் பெரும்பகுதியைக் கட்டியவை தொண்டு நிறுவனங்கள்தாம். அரசு நிலம் கொடுத்தது, வரைபடம் கொடுத்தது. மற்றதெல்லாம் அவர்கள் பாடு. இவ்வளவு பெரிய அரசு வேலையை இவ்வளவு வேகமாக வெளியாரிடம் ஒப்படைத்தது தமிழ்நாட்டில் வேறு எப்போதும் நடந்ததாகத் தெரியவில்லை.

வீடுகள் வந்தன, உண்மை. ஓலைக் குடிசைக்குப் பதில் கான்கிரீட் கூரை, வீட்டோடு கழிப்பறை, தண்ணீர்க் குழாய். அதற்கு முந்தைய ஓராண்டுக்கு மேல் தார் ஷீட் கொட்டகையில் வெந்தவர்களுக்கு அது சொர்க்கம்தான். ஆனால் சுவிட்சர்லாந்தின் ஆய்வாளர் ஜெனிபர் டியூன் பாரன்ஸ்டைன் தம் குழுவோடு இந்தக் கரையோர ஊர்களில் நடத்திய ஆய்வு வேறொரு பக்கத்தைப் பதிவு செய்தது. அலைக்குத் தப்பிய, உறுதியான வீடுகள்கூட, புது வீட்டுக்கு இடம் வேண்டும் என்று இடிக்கப்பட்டன. ஒப்பந்தக்காரரின் புல்டோசர் நேராகப் போக வேண்டுமென்பதற்காக மரங்கள் வெட்டப்பட்டன. பூவரசும் வேம்பும் தென்னையும் நின்ற தெருக்கள் வெள்ளைப் பெட்டிகளின் வரிசைகளாகின. திண்ணை இல்லை. வலை பின்ன நிழல் இல்லை. மீன் கழுவக் கொல்லை இல்லை. பல இடங்களில் நஞ்சை நிலத்தை மேடாக்கிக் கட்டியதால் ஐப்பசி மழைக்கு வாசலில் தண்ணீர் தேங்கியது. இந்த வீடுகளுக்குப் பணம் தந்தவர்களில் இதே சுவிஸ் மக்களும் உண்டு; அவர்கள் நாட்டு ஆய்வாளரே குறையை எழுதினார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் அதில் காட்டிய அக்கறை குறைவு.

இதையெல்லாம் தொண்டு நிறுவனங்களின் கெட்ட எண்ணம் என்று சொல்ல நான் தயாராயில்லை. லண்டனிலோ ஜெனீவாவிலோ பத்து பவுன், இருபது பிராங்க் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் பென்ஷன்காரருக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை அந்த அமைப்புகளுக்கு இருந்தது. அவர்கள் கேட்டது எண்ணிக்கை: எத்தனை வீடு, எந்த மாதத்தில் முடியும்? பட்டினச்சேரிக்காரர் கேட்க விரும்பியது வேறு: என் வீட்டிலிருந்து கடல் தெரியுமா, வாடைக்காற்றுக் காலத்தில் படகை எங்கே இழுத்துப் போடுவேன்? முதல் கேள்விக்குப் பதில் எழுத அறிக்கைப் படிவம் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை.

அதற்காக உள்ளூர் என்றாலே நியாயம் என்றும் முடிவு கட்ட முடியாது. நாகைக் கரையில் ஊர்ப் பஞ்சாயத்து பலமானது. ஊர்த் தலைவர்களான நாட்டார் வைத்ததுதான் சட்டம். நிவாரணப் பொருளை ஊர்ப் பொதுவில் இறக்கி, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கும் முறை, முதல் வாரங்களில் சண்டை வராமல் காத்தது. ஆனால் தலைக்கட்டு என்றால் ஊருக்கு வரி கட்டும், கல்யாணமான ஆண். அந்தக் கணக்கில் விதவைக்கும், கணவன் விட்டுப்போன பெண்ணுக்கும், தலையில் கூடை சுமந்து மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவளுக்கும் இடம் குறைவு. கடலோரத்திலேயே கூலி வேலை செய்த தலித் குடும்பங்கள் பல முகாம்களில் ஒதுக்கப்பட்டன. ஆதியன் போன்ற நாடோடிச் சமூகத்தவர் பட்டியலிலேயே வரவில்லை. அவர்களுடைய செய்தியை வெளியே கொண்டுவந்தவர்கள் சில உள்ளூர் அமைப்புகளும், அவர்களுக்குப் பின்னால் நின்ற சில பன்னாட்டு அமைப்புகளும்தான். ஊரும் அரசும் பார்க்க மறுத்தவரைப் பார்க்க வைப்பதற்கு, ஊருக்குக் கட்டுப்படாத ஒருவர் தேவைப்பட்டார். வெளியாளின் பயன் அங்கே விளங்கியது.

கடலோரத்திலிருந்து இரண்டு மைல் மேற்கே நடந்தால் இன்னொரு பாராமுகம் தெரியும். சுனாமிக்கு முந்தைய 2002, 2003 ஆண்டுகளில் மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கவில்லை. கடைமடையில் குறுவை போயிற்று. நாகைப் பகுதி விவசாயத் தொழிலாளிகள் வேலை தேடித் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தத் துயரத்துக்கு எந்தத் தொலைக்காட்சியும் வரவில்லை. அலை வந்து வயலில் உப்பு ஏறியபோதுதான் அவர்களும் 'பாதிக்கப்பட்டவர்' ஆனார்கள். இந்த உப்பு வயல்களை மீட்ட வேலை நான் அறிந்தவற்றில் மனநிறைவு தருவது. உப்பு மண்ணை வழித்து எடுத்து, வரப்பு உயர்த்தி, மழைநீரைத் தேக்கிக் கழுவி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் இயற்கை உழவர்களும் முன்னின்றார்கள்; ஆட்சியர் அலுவலகத்தில் தொடங்கிய அந்த ஒருங்கிணைப்புப் பிரிவு ஊர் ஊராக வேலையைப் பகிர்ந்தது; பணத்தில் ஒரு பகுதி கடல் தாண்டி வந்தது. பல ஆண்டுகளுக்கு விளையாது என்று கைவிடப்பட்ட நிலங்கள் பலவற்றில் ஓரிரு பருவத்திலேயே நெல் நின்றது. என்ன செய்ய வேண்டும் என்பதை உழவர் முடிவு செய்தார். எத்தனை ஏக்கருக்குச் செய்ய முடியும் என்பதை மட்டும் பணம் முடிவு செய்தது.

கடல் கடந்து வரும் பணம் இந்தக் கரைக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அதே சுமத்ராவிலிருந்து ஆயிரம் ஆண்டுக்கு முன் வந்தது அலையல்ல, ஒரு பௌத்த விகாரை. ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையைக் கட்ட, முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தின் வருவாயை அதற்குக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்று பெயர். அதில் மன்னர் புகழைவிட எனக்குச் சுவையானது பின்பகுதி. கிராமத்து எல்லையைப் பெண்யானை விட்டுச் சுற்றிக் காட்டி, சுற்றுப்பட்டு ஊர்களின் பிரதிநிதிகள் கூட இருந்து, இதுதான் எல்லை என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள். வெளிநாட்டான் கட்டிய அறநிலையம், அரசன் கொடுத்த நிலம்; ஆனால் கணக்கு ஊரார் முன்னிலையில்.

தரங்கம்பாடியில் நடந்தது இதற்கு நேரெதிர். 1706இல் மதபோதகர் சீகன்பால்கு வந்திறங்கிய டேனிஷ் மிஷனுக்குக் கோபன்ஹேகனிலிருந்தும், ஜெர்மனியின் ஹாலேயிலிருந்தும், லண்டனில் 1698இல் தொடங்கிய கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கத்திடமிருந்தும் பணமும் அச்சு இயந்திரமும் வந்தன. இன்றைய சொல்லில் பன்னாட்டுத் தொண்டு நிறுவனம் என்று தயங்காமல் அழைக்கலாம். பள்ளிக்கூடம், அச்சகம், காகித ஆலை என்று சீகன்பால்கு விரித்துக்கொண்டே போக, கோபன்ஹேகன் மிஷன் குழுவின் செயலாளர் வென்ட், இத்தனை கட்டடமும் சொத்தும் எதற்கு என்று கண்டித்துக் கடிதம் எழுதினார். 1719இல் 36 வயதில் இறந்தபோது சீகன்பால்குவை அந்த மனக்கசப்பு வாட்டிக்கொண்டிருந்தது. மிஷனில் படித்த தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் என்ன நினைத்தார்கள் என்று இருவரில் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கள அலுவலருக்கும் தலைமையகத்துக்கும் நடக்கும் இந்த மல்லுக்கட்டை 2005இல் நாகை விடுதிகளில் மின்னஞ்சலில் பார்த்தவர்கள் பலர்.

நாட்டு வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டால் தமிழ்நாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் மதிய உணவு. காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய திட்டத்துக்கு 1961 முதல் அமெரிக்காவின் 'கேர்' அமைப்பு பால் பவுடரும் சோள மாவும் எண்ணெயும் தந்தது. அறுபது வயது தாண்டியவர்களுக்கு அந்த மஞ்சள் உப்புமாவின் வாசனை நினைவிருக்கும். திட்டம் அரசுடையது, சமைத்தது உள்ளூர்ப் பெண், இடம் ஊர்ப் பள்ளிக்கூடம். கேர் சரக்கு மட்டும் கொடுத்தது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக அதை விரித்தபோது அது மாநிலத்தின் சொந்தச் செலவு என்ற நிலைக்கு நகர்ந்தது. பிறகு கேர் விலகிக்கொண்டது. எந்தப் பள்ளியிலும் அடுப்பு அணையவில்லை. ஒரு பன்னாட்டு அமைப்பின் வெற்றிக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நாகையில் பன்னாட்டு அமைப்புகள் கட்டிய சமுதாயக் கூடங்களும் மீன் ஏலக் கூடங்களும் சில, பராமரிக்க ஆளில்லாமல் பூட்டிக் கிடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அளவையும் மறக்கக் கூடாது. தமிழ்நாடு, புதுச்சேரி மறுகட்டுமானத்துக்கு 2005இல் உலக வங்கி ஒப்புக்கொண்ட கடன் 46.5 கோடி டாலர். அது நன்கொடை இல்லை. நம் வரிப்பணம் திருப்பிக் கட்டும். சாலை, பாலம், துறைமுகம், ஆசிரியர் சம்பளம் எல்லாம் எப்போதும் அரசு கணக்கில்தான். தொண்டு நிறுவனத்தால் நாட்டை வளர்க்க முடியாது. அரசு பார்க்காததைக் காட்டவும், அரசு துணியாததைச் சிறிய அளவில் செய்து பார்க்கவும் முடியும். அதற்கே அதன் மீது நம்பிக்கை வேண்டும்.

அந்த நம்பிக்கைதான் இப்போது இரு பக்கமும் இல்லை. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டது. வெளிநாட்டுப் பணம் வாங்கும் எந்த அமைப்பும் புதுடெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட ஒரு கிளையில் கணக்கு வைத்தாக வேண்டும். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைந்தது. பெரிய அமைப்பு சிறிய அமைப்புக்குப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பது அடியோடு தடை. ஆக்ஸ்பாம் இந்தியாவின் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. வேர்ல்டு விஷன் இந்தியாவின் பதிவு 2024 ஜனவரியில் ரத்தானது. சுனாமிக் கரையில் பெயர்ப்பலகை வைத்த பலர் இன்று வெளிநாட்டுப் பணம் வாங்க முடியாதவர்கள்.

மதமாற்றம், அந்நியத் தலையீடு, கணக்கில் ஓட்டை என்று இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் சில இடங்களில் உண்மை இருக்கலாம். அதைச் சட்டப்படி நிரூபித்துத் தண்டிப்பது வேறு. ஆனால் நாகையின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் பிரித்துக் கொடுப்பதற்கான தடைதான் மிகத் தவறான விதி. டெல்லியில் வங்கிக் கணக்கு திறந்து ஆங்கிலத்தில் படிவம் நிரப்பத் தெரியாத, ஆனால் எந்தத் தெருவில் எந்த விதவை இருக்கிறாள் என்று தெரிந்த சிறு அமைப்புகளுக்குப் பணம் பெரிய அமைப்பு வழியாகத்தான் வந்தது. 2016இல் இஸ்தான்புல் உலக மனிதாபிமான மாநாட்டில் கொடையாளர்களும் பெரிய அமைப்புகளும் 2020க்குள் 25 விழுக்காடு பணத்தை உள்ளூர் அமைப்புகளுக்குக் கொண்டுசேர்ப்பதாக உறுதி கொடுத்தார்கள், செய்யவில்லை. அவர்கள் செய்யாததை நாம் சட்டம் போட்டுச் செய்ய முடியாதபடி ஆக்கிவிட்டோம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது வந்து நின்றவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு இளைஞர்களும் வெளிநாட்டுத் தமிழர்களின் பணமும்தான். மனம் நிறைந்த உதவி அது. ஆனால் யாருக்கு எது போனது என்று நாகை ஆட்சியர் அலுவலகத்தில் 2005இல் எழுதியது போன்ற பதிவேடு அப்போது அந்த அளவில் இல்லை.

இலங்கையில் இது வேறு விதமாக முடிந்தது. 2006 ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சு அமைப்பொன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். 2008 செப்டம்பரில் வன்னியிலிருந்து பன்னாட்டு அமைப்புகளை அரசு வெளியேற்றியது. போர் முடியும்வரை, அடுத்த எட்டு மாதத்தில் அங்கே நடந்ததைக் கண்ணால் கண்டு சொல்ல வெளியார் ஏறக்குறைய யாரும் இல்லை. வெளியாட்களே வேண்டாம் என்பவர்கள் அந்த எட்டு மாதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகவே என் சண்டை வெளிநாட்டுப் பணத்தோடு இல்லை. நாகூர் தர்காவின் உயர்ந்த மினாரே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தது; நாகூர் ஆண்டவரின் பெயரில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் தர்கா எழுப்பியவர்கள் இந்தக் கரையிலிருந்து கப்பலேறியவர்கள். கொடுக்கலும் வாங்கலும் இந்த ஊரின் தொழில். கேட்பது ஒன்றுதான். அரசு நடத்திய நூறு நாள் வேலைத் திட்டத்தின் கணக்கைக் கிராம சபையில் வாசிக்க அதன் சட்டமே வழி செய்தது. ஒரு குப்பத்தின் பெயரைச் சொல்லி உலகெங்கும் திரட்டிய பணத்தின் கணக்கை அந்தக் குப்பத்தில் வாசிக்க எந்தச் சட்டமும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் வரவு காட்ட வேண்டும் என்று இருந்த விதியையும் 2022 ஜூலையில் உள்துறை அமைச்சகம் எடுத்துவிட்டது. தன் இணையதளத்தில் இருந்த ஆண்டுக் கணக்குகளையும் அப்போது நீக்கியது.

இனி இந்தக் கரைக்கு உதவி என்று யார் வந்தாலும், எந்த நாட்டிலிருந்து வந்தாலும், ஊர்ப் பொதுக்கூட்டத்தில், பெண்களும் தலித்துகளும் உட்கார்ந்திருக்க, எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, எவ்வளவு உங்கள் சம்பளம் என்று தமிழில் வாசித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வாசிக்க மாட்டோம் என்பவர்களைப் பழந்துணி லாரியோடு சேர்த்துத் திருப்பி அனுப்பலாம்.